ஜோன் கொடுத்த ஒரு யூனிட்

ரத்தம் கொடுக்க ஜோனுக்கு ஐந்து வருடம் பிடித்தது. நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்த எடை உள்ளவர்களிடம் எடுக்க மாட்டார்கள். எடை தேறிய மாதத்தில் ஹீமோகுளோபின் காலை வாரிவிடும். அது ஏறினால் எடை இறங்கியிருக்கும். கல்லூரி நாளிலிருந்தே ஒவ்வொரு ரத்த தான முகாமிலும் மற்றவர்களைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, எல்லாம் முடிகிற நேரத்தில் தானும் போய் விரலை நீட்டுவாள். நர்ஸ் குத்தி எடுத்த சொட்டை நீலத் தண்ணீரில் விடுவார். அது கீழே இறங்காமல் மிதக்கும்; ஹீமோகுளோபின் போதாது என்று அர்த்தம்.

"அடுத்த தடவை பாக்கலாம்மா. முருங்கைக்கீரை நெறைய சாப்பிடு."

"மரத்தையே சாப்பிட்டாச்சு சிஸ்டர்" என்பாள் ஜோன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

சாந்தோமில் கோயில் பள்ளிக்குப் பின்னால் உள்ள சந்தில், மாடிப் போர்ஷனில் அப்பாவோடு இருந்தாள். அப்பா ஆம்ப்ரோஸ் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அம்மா சோஃபியா, ஜோன் ஒன்பதாவது படிக்கும்போது இறந்துபோனாள். கல்லீரல் கெட்டுப்போய், ஒரு நாள் காலை சமையலறையில் ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். அப்பா யாரைக் கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்றபோது, எங்கிருந்தோ தகவல் கிடைத்து முன்பின் தெரியாத நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அங்கிள், எந்த மாடி?" என்று கேட்டுவிட்டுப் படியேறி ஓடினான். அம்மா பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த ரத்தத்தில் இன்னும் ஒரு வாரம் இருந்தாள். ஜோனின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். வந்தவர்களின் பெயர்கூட ஜோனுக்குத் தெரியாது.

அந்த ஒரு வாரத்துக்காகத்தான் அவள் இந்த ரத்த தான வேலைக்கு வந்தாள்.

'ஒரு யூனிட்' என்பது அவள் சேர்ந்திருந்த குழுவின் பெயர்; ஒருவர் ஒரு தடவை கொடுக்கிற ரத்தத்தின் அளவு அது. பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். மயிலாப்பூர் பரத்வாஜ் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். குழுவைத் தொடங்கியவன் அவன். உம்மே ஹானி தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்த்தாள். ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்க வருகிறவர்களிடம் நின்று பேசுவார்கள். குடியிருப்புகளில், கல்லூரிகளில், மாதா கோயில் ஹாலில் முகாம் நடத்துவார்கள். பேச்சில் ஜோனை மிஞ்ச ஆளில்லை. ஊசிக்குப் பயப்படுகிற தடியர்களைக்கூடப் பேசிப் பேசியே படுக்கை வரை கொண்டுபோய்விடுவாள்.

கடைசியில் மந்தைவெளியில் நடந்த ஒரு முகாமில் அவளுடைய சொட்டு நீலத் தண்ணீரில் நேராக அடியில் போய் நின்றது. தராசும் நாற்பத்தாறு என்றது.

"ஜோன் பாஸ்!" என்று கத்தினாள் உம்மே ஹானி. முகாமே திரும்பிப் பார்த்தது. ஜோன் படுத்துக்கொண்டு கையில் மஞ்சள் பந்தை அழுத்தியபடி கூரையைப் பார்த்துச் சிரித்தாள். பரத்வாஜ் ஒரு படம் எடுத்தான். நன்றாக வந்திருந்தது. அடுத்த வாரமே அது அவர்களுடைய போஸ்டராகிவிட்டது. 'ஐந்து வருடம் காத்திருந்து கொடுத்தார் ஜோன். நீங்கள் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?' என்று கீழே எழுதியிருந்தார்கள். அப்பா அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, அம்மா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்.

அவள் அடையாறில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்த்தாள். ஒரு புதன்கிழமை மதியம் அங்கேதான் போன் வந்தது.

"ஜோன் மேடமா? ரத்த வங்கியிலேர்ந்து பேசறோம். ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போக முடியுமா?"

"அடுத்த கேம்ப் விஷயமா? பரத்வாஜ்கிட்ட பேசிட்டீங்களா?"

"இல்ல மேடம். நீங்க மட்டும் வாங்க. தனியா பேசணும்."

போனாள். சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஆலோசகராக இருந்த பெண்ணுக்கு ஜோனை விட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். கதவைச் சாத்திவிட்டு, ரொம்ப நிதானமாகப் பேசினாள். கொடுக்கிற ரத்தம் எல்லாவற்றையும் சோதனை செய்வார்கள். ஜோனுக்கே அது தெரியும், எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அவளுடைய ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி காட்டியிருக்கிறது. இன்னொரு சோதனையும் செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

"அப்ப என் யூனிட்?" என்றாள் ஜோன்.

"அத யாருக்கும் குடுக்க மாட்டோம். அழிச்சிடுவோம்."

ஜோன் தலையாட்டினாள். அந்தப் பெண் மேலும் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. வெளியே வந்து பஸ்ஸில் ஏறினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது.

இரண்டாவது சோதனையும் அதையே சொன்னது. கல்லீரல் டாக்டர் நல்லவர். பொறுமையாக விளக்கினார். கிருமி இப்போது தூங்குகிறது, கல்லீரலுக்கு ஒரு சேதமும் இல்லை, மாத்திரைகூடத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொண்டால் போதும். சேர்ந்து சாப்பிடுவதாலோ தொடுவதாலோ பரவாது. கல்யாணம் செய்துகொள்ளலாம், கணவனுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளலாம், பிறந்த உடனே அதற்கு ஊசி போட வேண்டும்.

"நான் போட்டிருக்கேனே டாக்டர், தடுப்பூசி. கிளினிக்ல வேலைக்குச் சேர்ந்தப்ப எல்லாருக்கும் போட்டாங்க."

"முன்னாடியே உள்ள இருந்தா ஊசி ஒண்ணும் செய்யாதும்மா. உங்க வீட்ல யாருக்காவது லிவர் பிராப்ளம் இருந்ததா?"

அம்மாவைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"பொறக்கும்போதே வந்திருக்கலாம்" என்றார்.

இத்தனை வருடமாக அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோனும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அம்மாவிடமிருந்து மூக்கு வந்திருக்கிறது, சுருட்டை முடி வந்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இதுவும் வந்திருக்கிறது. இதை அம்மாவிடம் மட்டும்தான் பேச முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவோ சாந்தோமை ஒட்டிய குவிபிள் ஐலண்ட் கல்லறையில் இருந்தாள்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை. ஆனால் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் கிளினிக் ஞாபகம் வந்தது. அங்கே யாராவது ஹெபடைடிஸ் என்று சொன்னால் அவர்களுக்குக் கடைசி நேரம்தான் கொடுப்பார்கள். "இன்னிக்கு ஒரு பி கேஸ் இருக்கு" என்று உள்ளே குரல் தாழும். ஆயா முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு கையுறை மாட்டுவாள். அப்படிப்பட்டவர்களை "கொஞ்சம் லேட்டா வாங்க சார்" என்று இனிமையாகச் சொல்லி அனுப்பி வைத்தவளே ஜோன்தான். அந்த சார்கள் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போய் மரத்தடியில் நின்றதை அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போவது நிற்கவில்லை. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவளுடைய முகம் போட்ட போஸ்டருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "வாங்க சார், அஞ்சு நிமிஷம்" என்று கூப்பிட்டாள். போஸ்டரைப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானே? கிரேட் மேடம்" என்று கை கொடுப்பார்கள். கையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். பேச்சு பழையபடியே வந்தது, வார்த்தைகளெல்லாம் மனப்பாடம். மற்றவர்கள் கலைந்து இட்லி சாப்பிடப் போகும்போது தலைவலி என்று சொல்லி 29சி பஸ் பிடித்து வந்துவிடுவாள்.

நாலு மாதம் கழிந்ததும் உம்மே ஹானி கேட்டாள். "ஜோன், உனக்கு டைம் ஆயிடுச்சே. ரெண்டாவது தடவை எப்போ?"

"ஹீமோகுளோபின் திரும்ப எறங்கிடுச்சுப்பா."

"அய்யோ. பேரீச்சம்பழம் வாங்கித் தரட்டா?"

"வேணாம்" என்றாள் ஜோன், கொஞ்சம் வெடுக்கென்று. உம்மே ஹானி அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மறுவாரமே ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொண்டுவந்து பையில் போட்டாள். ஜோனால் அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு முகாம் நடத்தினார்கள். அங்கே இதற்கு முன்னால் யாரும் நடத்தியதில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசியது ஜோன்தான். ரகுபதி என்று ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், படகில் போகிறவன். முதலில் வந்து உட்கார்ந்தவன் அவன். "சுறாவே வந்து கடிச்சாலும் கத்த மாட்டேங்கா, இந்த ஊசிக்கா பயப்படப் போறேன்?" என்றான். அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகள் வந்தார்கள். முகாம் நன்றாக நடந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் பரத்வாஜ் பதறிப்போய் போன் செய்தான்.

"ஜோன், குப்பத்துல ஒரே கலாட்டா. நம்ம கேம்ப்ல ஊசி போட்டுண்டதுல ஒரு பையனுக்கு வியாதி வந்துடுத்துன்னு பேசிண்டிருக்கா. ரத்த வங்கியிலேர்ந்து அவனைக் கூப்பிட்டிருக்கா போலருக்கு. நாம யாரும் இப்போ அந்தப் பக்கம் போக வேண்டாம்."

"எந்தப் பையன்?"

"ரகுபதியோ என்னவோ. எதுவானாலும் டாக்டர்கள் பாத்துப்பா. நீ போகாதே, என்ன?"

ஜோன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்கில் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ரகுபதியின் அம்மா ஜோதிலட்சுமி சந்து முனையில், வீட்டு வாசலருகே குடை நிழலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஜோனைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீதான அந்தப் பொண்ணு? வா. ஊசியப் போட்டு என் புள்ளைய நாசம் பண்ணிட்டு இப்ப இன்னாத்துக்கு வந்துகினு கீற?"

"அம்மா, கொஞ்சம் உள்ள போய்ப் பேசலாமா?"

"உள்ள இன்னா பேச்சு? ஊருக்கே தெரிஞ்சிபோச்சு. தையில கல்யாணம் வெச்சிகீறோம். பொண்ணு வூட்லேர்ந்து போன் பண்ணி, உங்க புள்ளைக்கு இன்னா வியாதின்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது? நீ சொல்லு!"

பக்கத்துக் கடைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜோனுக்கு முகம் சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து ரகுபதி, "விடும்மா, அக்காவ உள்ள வரச் சொல்லு" என்றான்.

சின்ன வீடு. அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கடலுக்குப் போகவில்லை, ஷேவ் செய்து நாளாகியிருந்தது. ஜன்னல் திட்டில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவை யாருடையவை என்று ஜோன் கேட்கவில்லை.

"ரகு, அந்த ஊசி ஒருத்தருக்கு ஒரு தடவைதான். உன் முன்னாடிதானே கவரப் பிரிச்சாங்க?"

"அத்தெல்லாம் எனுக்கு இன்னாக்கா தெரியும்? குடுக்கறதுக்கு முன்ன நல்லாத்தான இருந்தேன்? நீ சொன்னன்னு வந்தேன். இப்ப பி-ன்றாங்க, லிவருன்றாங்க. அந்த ரூம்ல சொன்னது ஒண்ணுமே புரியல. இன்னொரு டெஸ்ட்டு எடுக்கணுமாம். எனுக்கு அங்க போவே பிடிக்கல."

ஜோன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இருக்கு ரகு" என்றாள்.

"இன்னாது?"

"அதேதான். என்னையும் போன் பண்ணிக் கூப்பிட்டாங்க. அதே ரூம். என் ரத்தத்தையும் அழிச்சிட்டாங்க. எங்க அம்மாகிட்டேர்ந்து எனக்கு வந்திருக்கு. ஊசியால வரல."

வாசலில் நின்ற ஜோதிலட்சுமி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்தாள்.

"குந்து" என்றாள். பிறகு, "நீ வூட்ல தட்டு தனியா வெச்சிகினு கீறியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. தேவையில்ல. சாப்பாட்டுல பரவாது. டாக்டரே சொன்னார்."

"உங்கப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"அப்பாவுக்குத் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"உங்களுக்குத்தாம்மா" என்றாள் ஜோன்.

ஜோதிலட்சுமி ஜன்னலிலிருந்து அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டுபோய் மற்ற பாத்திரங்களோடு போட்டாள். அவை சத்தத்தோடு விழுந்தன.

மறு சோதனைக்கு ரகுபதியை ஜோனே கூட்டிப் போனாள். அவளுக்கும் ஆறு மாத சோதனை வந்திருந்தது. இருவரும் சேர்ந்தே சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் ரகுபதி அடிக்கடி போன் செய்வான். "அக்கா, மாங்கா ஊறுகா துண்ணலாமா?" என்பான். "அக்கா, லிவருன்றது எந்தப் பக்கம்? எனுக்கு ரெண்டு பக்கமும் வலிக்கிற மாதிரியே கீதுக்கா." ஜோன் சிரிப்பாள். "எனக்கும் முதல்ல அப்படித்தான்டா இருந்துது" என்பாள். அந்த 'எனக்கும்' என்ற வார்த்தையைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தான். அவள் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டாள். கிளினிக்கில்கூட, "என்ன ஜோன், ஒரு மாதிரி தெளிவா இருக்கே" என்றார்கள்.

முடிவு வந்த அன்று இருவரும் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ரகுபதியைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

"அக்கா, எனுக்கு ஒண்ணுமில்லியாம்! மொதல் டெஸ்ட்டு சில நேரம் தப்பா காட்டுமாம். ரத்தம் மட்டும் இனிமே குடுக்க வேணாமாம், அது சும்மா ஒரு சேஃப்டிக்காம். ஒடம்புல ஒண்ணுமே இல்லக்கா!"

"ஆண்டவருக்கு நன்றி" என்றாள் ஜோன். மனதார சந்தோஷப்பட்டாள். அதே நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று கழன்று விழுந்தது போலவும் இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அவளையும் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது ரகுபதி கேட்டான். "உனுக்கு இன்னா வந்துச்சிக்கா?"

"எனக்கு அப்படியேதான் இருக்கு. தூங்குது. பரவால்ல."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. "நீ தெம்பா கீறக்கா. உனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றான். அதற்குள் அவன் போன் அடித்தது. பெண் வீட்டிலிருந்து. "ஒரு நிமிசம்க்கா" என்று சொல்லிவிட்டு, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். கீழே அவன் கத்திப் பேசுவது மேலே வரை கேட்டது. ஜோன் பெஞ்சிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த காலியிடத்தில் ஒரு வயதானவர் வந்து உட்கார்ந்து, "டாக்டர் வந்துட்டாரா?" என்று கேட்டார். வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அதன் பிறகு ரகுபதி அதிகம் போன் செய்யவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டான், போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஜோதிலட்சுமி அவள் இலையில் தன் கையாலேயே வஞ்சிரத் துண்டை வைத்தாள். ஆனால் மகன் பேர் கெடாமல் இருக்க வேண்டுமே என்று, அதற்கு முன்பே குப்பத்தில் நாலு பேரிடம் சொல்லியிருந்தாள்: "என் புள்ளைக்கு ஒண்ணும் இல்லப்பா. அந்தக் கேம்ப்பு பொண்ணு கீதே, பாவம், அதுக்குத்தான் கீதாம்." கெட்ட எண்ணமில்லை. இருந்தாலும் பேச்சு நடந்து நடந்து பெசன்ட் நகர் வரை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கடற்கரையில் போஸ்டர் மாறியிருந்தது. ஜோன் படத்துக்குப் பதில் ஒரு சிவப்புச் சொட்டு வரைந்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் ரொம்ப அன்பாக இருந்தார்கள். "நீ உக்காரு ஜோன், நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். உம்மே ஹானி அவளை இறுகக் கட்டிப்பிடித்துவிட்டு, சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பால் போனாள். அன்று முழுவதும் ஜோனிடம் யாரும் வம்புக்குப் பேசவில்லை. யாரும் அவளைக் கிண்டல் செய்யவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கலைகிற நேரத்தில் பரத்வாஜைத் தனியாகப் பிடித்தாள்.

"போஸ்டர ஏன் மாத்தினே?"

அவன் மணலைப் பார்த்தான். "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான். தப்பா எடுத்துக்காதே."

"கஷ்டமாத்தான் இருந்துது, இத்தனை நாளும். இனிமே நாம பேசும்போது இதையும் சொல்லணும் பரத். டெஸ்ட் பண்ணுவாங்க, ஏதாவது இருந்தா கூப்பிடுவாங்க, கூப்பிட்டா பயப்படாமப் போகணும், அது ஊசியால வர்றது இல்லன்னு. ரகு பயந்ததுக்குக் காரணம் நாம சொல்லாததுதான்."

"சொன்னா ஒருத்தரும் வரமாட்டா, ஜோன். இப்பவே ஊசின்னா ஓடறா."

"கொஞ்சம் பேர் வரமாட்டாங்க. வர்றவங்க தெரிஞ்சு வரட்டும்."

நெடுநேரம் பேசினார்கள். அவன் முழு மனதோடு சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த முகாமிலிருந்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஜோன் எழுந்து இரண்டு நிமிடம் பேசுவது என்றானது. "உங்களுக்கு ரத்த வங்கியிலேர்ந்து போன் வந்தா, தனியாப் போக வேணாம். என்னைக் கூப்பிடுங்க, நான் வரேன்" என்று தன் நம்பரைச் சொல்வாள். ஏன் அவள் என்று யாராவது கேட்டால், "எனக்கும் வந்திருக்கு" என்று சொல்லிவிடுவாள். அந்த நேரத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் கையில் இருக்கும் ஜூஸ் பாக்கெட்டைப் பார்ப்பார்கள்.

அப்பாவிடம் வேறு யாரும் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். காலை காபி நேரம். ஆம்ப்ரோஸ் முழுவதையும் கேட்டார்.

"அம்மா இருந்தப்ப யாரும் இத நம்மகிட்ட சொல்லலியேம்மா" என்றார். பிறகு, அவள் பாதி குடித்து வைத்திருந்த காபி டம்ளரை எடுத்து, மீதியைத் தான் குடித்தார். அவருக்கும் சோதனை எடுத்தார்கள். எப்போதோ அவருக்கு வந்து, உடம்பே போராடி அதை விரட்டிவிட்டிருந்தது; இப்போது ஒன்றுமில்லை. அதைக் கேட்டு அவர் அழுதார். "எனக்குப் போனது உனக்குப் போகலியே" என்றார். அதற்குப் பிறகு தினமும் காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தார். ஜோன் லேசாக இருமினாலும் கதவருகே வந்து நின்றார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இப்போது அவருடைய பயத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது. அவர் முன்னால் எப்போதும் சிரித்த முகமாக இருக்கப் பழகிக்கொண்டாள்.

பல மாதம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒருவர் கூப்பிட்டார். அப்புறம் இன்னொருவர். அதிகமில்லை. ஒரு கல்லூரிப் பையன், ஒரு வங்கி ஊழியர், மாம்பலத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஜோனும் கேட்க மாட்டாள். பஸ் நிறுத்தத்தில் சந்தித்து, அந்தச் சின்ன அறை வரை கூடப் போவாள். வெளியே காத்திருப்பாள். திரும்பி வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பாள். அதன் பிறகு அவர்கள் மருந்து, டாக்டர் என்று தங்கள் வழியில் போய்விடுவார்கள். யாரும் இரண்டாவது முறை கூப்பிட்டதில்லை. அவள் நம்பரை அழித்துவிட்டிருப்பார்கள் என்று ஜோனுக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு வேட்டி வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போயிருந்தாள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. எதிரே அந்தத் தையல் கடைப் பெண் வந்தாள். கூடவே கணவனும், தோளைத் தொடும் உயரத்தில் ஒரு மகளும். ஜோனின் முகம் தானாகவே மலர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணும் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு திடுக்கிடல் தெரிந்தது. உடனே மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த வளையல் கடைப் பக்கம் திரும்பி, எதையோ எடுத்து ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஜோன் நின்றாள். தானும் ஒரு காலத்தில் உம்மே ஹானியை இப்படித்தான் பார்க்க முடியாமல் இருந்ததை நினைத்தாள். கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணின் முதுகைத் தாண்டிப் போகும்போது, அவள் நிம்மதியாகத் திரும்பட்டும் என்று நடையைக் கொஞ்சம் வேகமாக்கினாள். பின்னால் இருந்து யாரோ இடித்தார்கள். "போய்க்கினே இரும்மா, நிக்காத" என்று ஒரு குரல் கேட்டது. வேட்டிக் கடை இன்னும் நாலைந்து கடை தள்ளி இருந்தது.